பென்சில் ஃபிட்

"வெட்டிடவா, மடிச்சுத் தைச்சிடவா?"
டெய்லர் வாயில் குண்டூசி.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
ஒரு மிஷின், ஒரு முக்காலி, அவ்வளவுதான் கடை.
மடித்தால் எப்ப வேணாலும் பிரிக்கலாம் தம்பி,
வெட்டினா வெட்டினதுதான் என்றார்.
வாசலில் லெனின்ராஜும் நவ்ஷாத்தும்
சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தார்கள்.
வெட்டிடுங்க என்றேன்.
நாற்பது ரூபாய்.

பதினொன்றில் சேர்ந்து பன்னிரண்டு நாள்.
பெயரை முதல் நாளே வெட்டியாயிற்று.
வீரமணிகண்டன் ரொம்ப நீளமாம்,
அது அட்டென்டன்ஸில் கிடக்கட்டுமாம்.
வீர்.
யாரோ வடக்கத்திப் பையனைக் கூப்பிடுகிறார்கள் என்று
இரண்டு நாள் திரும்பவில்லை.
மூன்றாம் நாள் திரும்பினேன்.

அப்புறம் சுலபம்.
அவர்கள் சிரித்து அரை நொடி கழித்துச் சிரிக்க வேண்டும்,
எதற்கென்று தெரியாவிட்டாலும்.
சோறு என்று வந்த வாயை லஞ்ச் என்று திருப்ப வேண்டும்.
ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டு
தேவனாம்பட்டினம் போன அன்று
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
நீச்சல்லாம் தெரியும் மச்சி, இன்னைக்கு சளி என்றேன்.

கையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
லீவு முழுக்க முந்திரி உடைத்த கை.
ஓட்டு எண்ணெய் பட்ட இடமெல்லாம்
தோல் கழன்று, உள்ளே ரோஸ் நிறத்தில் இன்னொரு தோல்.
என்னடா வியாதியா என்று கேட்டார்கள்.
பட்டாசு வெடிச்சது என்றேன்.
ஜூன் மாதத்தில் என்ன பட்டாசு என்று
நல்லவேளை யாரும் கேட்கவில்லை.
அன்றிலிருந்து கை பாக்கெட்டில் குடியிருந்தது.

பூவராகனுக்கும் இதே கை.
ஒரே மூட்டையை எதிரெதிரே உட்கார்ந்து உடைத்தவன்.
இப்போது பி செக்‌ஷன்.
பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேன்ட்டைக் கொடுத்தபடியே போட்டிருந்தான்,
காற்றடித்தால் பேன்ட் முன்னால் போகும், அவன் பின்னால் வருவான்.

வெட்டின பேன்ட்டைப் போட்ட திங்கட்கிழமை
சைக்கிள் ஸ்டாண்டில் நின்றோம்,
நாலு பேர், எட்டுப் பென்சில்.
தண்ணீர் டேங்க் பக்கம் அந்தக் கை உயர்ந்தது.
"டேய் மணீ! ஷெட்டுல காசு குடுத்துட்டாங்கடா!
உன்னுதும் எங்கிட்டதான் இருக்கு!"

உன்னையா கூப்பிடுறான் என்றான் லெனின்ராஜ்.

கையைப் பாக்கெட்டில் விட்டேன்.
போகவில்லை.
தொடையோடு இறுகிய துணி
விரல் நுனியோடு நிறுத்திக்கொண்டது.
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன்,
"யாருன்னே தெரியல மச்சி."
அவர்கள் சிரிப்பதற்கு முன்னால்
இந்தத் தடவை நான் சிரித்துவிட்டேன்.

பூவராகன் உயர்த்திய கையை இறக்கவில்லை.
அப்படியே தலைக்குக் கொண்டுபோய்
முடி கோதுகிற மாதிரி
கொஞ்ச நேரம் கோதிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கெடிலம் பாலத்தைத் தனியாகக் கடந்தேன்.
ஆற்றில் ஆகாயத்தாமரைதான் ஓடாமல் நின்றது.
பஸ் ஸ்டாண்டில் குள்ளஞ்சாவடி வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
மூன்றாவது வரிசை, ஜன்னலோரம் அவன்.
பக்கத்து சீட்டில் அவன் பை,
தினமும் எனக்கு இடம் போட்டு வைக்கும் பை.
இன்றைக்கு அது
எனக்காக இருக்கிறதா, எனக்கெதிராக இருக்கிறதா?
கண்டக்டர் கேட்டார்,
"தம்பி, இந்த சீட்டுக்கு ஆள் வருதா?"
அவன் ஜன்னலை விட்டுத் திரும்பாமல் சொன்னான்,
"தெரியலண்ணே."

உட்கார்ந்திருக்கலாம்.
உட்கார்ந்தால் தையல் விட்டுப்போகும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
கேப்பர் மலை மேட்டில் வண்டி மூச்சு வாங்கியபோது
மேல் கம்பியைப் பிடித்து நின்றேன்,
தோலுரிந்த கை
எல்லாருக்கும் தெரிகிற உயரத்தில்.